தை முகூர்த்தம், மாப்பிள்ளைக்கு 18 நாள் லீவு: பதிவை முன்னாலேயே முடிக்கலாமா?

திண்டுக்கல்_பூட்டு கேட்டது:

தங்கை கல்யாணம் ஜனவரி 24, ஞாயிறு. காலை 6 முதல் 7.30 முகூர்த்தம், மண்டபம் மதுரையில். எங்கள் வீடு திண்டுக்கல், மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர். இரண்டு பக்கமும் இந்து, இருவருக்கும் முதல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. 14ஆம் தேதி வந்து இறங்குகிறார், 31 இரவு திரும்ப ஃபிளைட். குடும்ப விசாவுக்கு அட்டெஸ்டேஷன் (இரு நாட்டு அலுவலகங்களின் சான்று முத்திரை) முடிந்த கல்யாணச் சான்றிதழ் வேண்டுமாம்.

இங்கே ஒரு ஏஜென்ட், "முகூர்த்தம் வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள்? மாலை மாற்றுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கள், கல்யாணத் தேதி 18 என்று போட்டு 19ஆம் தேதியே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்கிறார். வீட்டில் பாதிப் பேருக்கு அது சரி என்று படுகிறது.

அப்படிச் செய்தால் பின்னால் தொந்தரவு வருமா? இல்லையென்றால் 24க்குப் பிறகு இருக்கிற ஒரு வாரத்தில் எது எதை முடிக்க வேண்டும்? மாப்பிள்ளை நேரில் இல்லாமல் எதெது நடக்காது? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

---

பத்திர_மை பதில்:

ஏஜென்ட் சொல்வதைச் செய்யாதீர்கள். பொய்த் தேதி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சான்றிதழே நிற்காது.

இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு, நடந்து முடிந்ததற்குச் சாட்சி மட்டும்தான். சட்டத்தின் 7வது பிரிவும் தமிழ்நாட்டுக்கான 7ஏ பிரிவும் சடங்கைச் சொல்கின்றன, 8வது பிரிவு பதிவைச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு கிட்டத்தட்ட உங்கள் ஏஜென்டின் யோசனையேதான்: ஏதோ நெருக்கடியில் முதலில் சான்றிதழ் வாங்கிப் பதிவும் செய்துவிட்டார்கள், சடங்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், சடங்கு நடக்கவே இல்லை. அங்கே கல்யாணமே நடக்கவில்லை, கையில் இருக்கிற சான்றிதழால் கல்யாணம் உண்டாகிவிடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டில் 24ஆம் தேதி சடங்கு நடக்கப்போகிறது, அது வேறு விஷயம். ஆனால் சான்றிதழில் 18, பத்திரிகையில் 24, ஆல்பத்தில் 24. விசா ஃபாரத்தில் எந்தத் தேதியை எழுதுவீர்கள்? பின்னால் வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, சொத்து விஷயத்தில், இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் எல்லாம் இந்த ஆறு நாள் வித்தியாசம் வந்து நிற்கும்.

சடங்கே இல்லாமல் சட்டப்படி கல்யாணம் செய்ய ஒரு வழி உண்டு, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதன் கணக்கு உங்கள் லீவில் அடங்காது. இருவரும் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் தேதிக்கு முன் தொடர்ந்து 30 நாள் அந்த மாவட்டத்தில் யாராவது ஒருவர் குடியிருந்திருக்க வேண்டும். தங்கை திண்டுக்கல்லிலேயே இருப்பதால் இதில் சிக்கல் இல்லை, மாப்பிள்ளையும் 30 நாள் இருந்தாக வேண்டும் என்று சிலர் சொல்வது தப்பு. சிக்கல் அடுத்த படியில். நோட்டீஸை ஒட்டிய நாளிலிருந்து 30 நாள் ஆட்சேபணைக்காக விட வேண்டும், விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. அது முடிந்துதான் கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் நோட்டீஸ் செத்துவிடும், புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆக ஜனவரி 18 வேண்டுமென்றால் அக்டோபர் கடைசிக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை ஒரு தடவை வந்து போயிருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான அலுவலகங்களில் நோட்டீஸ் கொடுக்கவே இருவரையும் நேரில் கேட்பார்கள். அப்படி ஒரு பயணம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் சரியான கேள்வி. மாப்பிள்ளை உடல் ரீதியாக வேண்டிய இடங்கள் இரண்டே இரண்டு: மணவறை, ரிஜிஸ்டர் ஆபீஸ். அட்டெஸ்டேஷனுக்கு அவர் தேவையில்லை. அதனால் ஒரு வாரம் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். 25, 27, 28, 29 என்று நான்கு வேலை நாள் கையில் இருக்கிறது. 26 குடியரசு தினம், கணக்கில் வராது. முதல் முயற்சி 25 திங்களாக இருக்கட்டும். பேப்பரில் ஏதாவது குறை என்று திருப்பி அனுப்பினால் சரிசெய்ய மூன்று நாள் மிஞ்சும். 29ஆம் தேதியை முதல் முயற்சியாக வைத்துக்கொண்டால் ஒரு எழுத்துப் பிழை போதும், மாப்பிள்ளை ஃபிளைட்டை மாற்ற வேண்டி வரும்.

---

திண்டுக்கல்_பூட்டு:

ரொம்ப நன்றி சார், வேறு பயணம் இல்லை. ஆனால் 25 திங்கள் மறுவீடு, எல்லாரும் தஞ்சாவூரில் இருப்போம். மதுரையில் நடந்த கல்யாணத்தை மதுரையில்தானே பதிய வேண்டும்? இன்னொன்று: 18ஆம் தேதி நிஜமாகவே கோவிலில் தாலி கட்டிவிட்டு 24ஐ ஊருக்காக வைத்துக்கொண்டால்?

---

பத்திர_மை:

மதுரைதான் என்று கட்டாயமில்லை. கல்யாணம் நடந்த இடம், பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, இந்த மூன்றில் எந்த எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். கல்யாணம் நடந்த இடத்தில்தான் என்று முன்பு இருந்ததை 2020 திருத்தம் தளர்த்திவிட்டது. மறுவீடு தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூரிலேயே பதியுங்கள். ஒரே நிபந்தனை, மாப்பிள்ளையின் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ இருக்கும் முகவரி அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வர வேண்டும். தஞ்சாவூர் என்றால் ஒரு அலுவலகம் இல்லை. தெருப் பெயரை வைத்து எந்த எல்லை என்று பதிவுத்துறைத் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். பழைய வீட்டு முகவரியே ஆதாரில் கிடந்தால் இப்போதே மாற்றுங்கள், ஜனவரியில் நேரம் இருக்காது. 15, 16, 17 மூன்று நாளும் பொங்கல் விடுமுறை. தைப்பூசமும் இப்போது அரசு விடுமுறை, அது எந்த நாளில் விழுகிறது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

18ஆம் தேதி நிஜமாகத் தாலி கட்டினால் சட்டப்படி தடை எதுவும் இல்லை. கோவில்கூட வேண்டாம். 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக, தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் கல்யாணம்தான். புரோகிதர் அவசியமில்லை. 1968 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற சுயமரியாதைத் திருமணச் சட்டம் இதுதான்.

ஆனால் அப்படிச் செய்தால் கல்யாணத் தேதி 18. பத்திரிகை 24 என்று சொன்னாலும், ஊர் 24 என்று சொன்னாலும் சட்டத்துக்கு 18. 18க்கும் 24க்கும் நடுவில் ஏதாவது மனஸ்தாபம் வந்து கல்யாணம் நின்றால் அது நிச்சயதார்த்தம் முறிந்த கதையாக முடியாது, விவாகரத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் 14வது பிரிவின்படி, விசேஷக் காரணம் காட்டி அனுமதி வாங்கினால் தவிர, ஒரு வருடம் ஆகாமல் மனுவே போட முடியாது. ஆறு நாள் லாபத்துக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அட்டெஸ்டேஷனுக்கு வாரக் கணக்கில் ஆகப்போகிறது, அதில் ஆறு நாள் முன்னே பின்னே என்பதில் ஒன்றுமில்லை.

---

கரும்பலகை பதில்:

தேதி விஷயம் தெளிவாகிவிட்டது. விண்ணப்பம் எங்கே உதைக்கும் என்று நான் சொல்கிறேன். பத்துக்கு எட்டு, பெயரில்தான்.

பத்திரிகையில் "எஸ். கவிதா, பி.இ." என்று இருக்கும். ஆதாரில் "கவிதா எஸ்". பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கவிதா.சு" என்று தமிழ் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலையே விரித்து "கவிதா சுப்பிரமணியன்" என்று அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில். நாலும் ஒரே பெண்தான், ஆனால் துபாயில் ஃபைலைப் பார்க்கிறவருக்கு நாலு பேர். சான்றிதழில் வர வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து, ஆங்கில ஸ்பெல்லிங் உட்பட. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிறவர் ஆதாரைப் பார்த்துத்தான் அடிப்பார், பாஸ்போர்ட்டை நீங்கள் நீட்ட வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா பெயரும் இப்படித்தான்: "ராமசாமி" ஒரு இடத்தில், "ராமஸ்வாமி" இன்னொரு இடத்தில்.

மாப்பிள்ளை பெயரைத் தங்கை பெயரோடு சேர்க்கும் வேலையை இப்போது தொடவே வேண்டாம். கல்யாணமானால் இனிஷியல் மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் பழைய பெயரிலும் சான்றிதழ் புதுப் பெயரிலும் இருந்தால்தான் வினை.

அடுத்து, ரிசப்ஷன் தேதி. நம் பக்கம் ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலம். பத்திரிகையைத் திறந்ததும் கொட்டை எழுத்தில் கண்ணில் படுவது "23.1 சனிக்கிழமை மாலை 6.30". அவசரத்தில் அந்தத் தேதியே விண்ணப்பத்தில் ஏறிவிடும். கல்யாணத் தேதி, தாலி ஏறிய தேதி. இடத்தையும் மண்டபத்தின் முழு முகவரியாக எழுதுங்கள், மண்டப ரசீதில் உள்ளபடி.

போட்டோ: ஆல்பம் கைக்கு வர இரண்டு மாதம் ஆகும், அதை நம்பாதீர்கள். போட்டோகிராபரிடம் முன்பே சொல்லிவைத்து, முகூர்த்தம் முடிந்ததும் தாலி கட்டுகிற படம் ஒன்று, மாலையோடு இருவர் முகமும் நேராகத் தெரிகிற படம் ஒன்று, அன்று மாலைக்குள் பிரின்ட் வாங்கிவிடுங்கள். தாலி கட்டும் படத்தில் பெரும்பாலும் நாத்தனார் கையும் யாரோ நீட்டிய செல்போனும்தான் தெரியும், பெண்ணின் முகம் குனிந்திருக்கும். இரண்டாவது படம் அதற்காகத்தான்.

சாட்சி: மூன்று பேரைக் கூட்டிப் போங்கள், மூவரும் கல்யாணத்தில் இருந்தவர்களாக, ஒரிஜினல் அடையாள அட்டையோடு. நாலாவதாக ஒருவர் வாசலில் நின்றால் நல்லது, யாராவது ஒருவர் அட்டையை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருவார். மறுவீட்டுக்கு வருகிறவர்களில் காலை 10 மணிக்கு எழுந்து ரெடியாக இருக்கக்கூடிய ஆட்களாகப் பாருங்கள், இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

பையில் இருக்க வேண்டியவை: பிறந்த தேதிக்கு பத்தாம் வகுப்புச் சான்றோ பிறப்புச் சான்றோ பாஸ்போர்ட்டோ, முகவரிக்கு ஆதார் அல்லது பாஸ்போர்ட், பத்திரிகை இரண்டு, மண்டப ரசீது, மேலே சொன்ன படங்கள், இருவரின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். எல்லாவற்றுக்கும் ஒரிஜினலும் நகலும். பதிவுத்துறைத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, ஸ்கேன் செய்து வைப்பது எல்லாம் டிசம்பரிலேயே முடித்துவிடலாம். 24 சாயங்காலம் தேதியையும் படத்தையும் சேர்ப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

பிரின்ட் எடுக்கும் முன் திரையில் வரைவைக் காட்டச் சொல்லி, தங்கையே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கட்டும். நீங்கள் படிக்காதீர்கள், அண்ணன் கண்ணுக்குத் தங்கை பெயர் எப்படி எழுதினாலும் சரியாகத்தான் தெரியும். அப்போது பிடித்தால் ஒரு நிமிட வேலை. பிறகு என்றால் தனியாகத் திருத்த விண்ணப்பம், மாப்பிள்ளை அதற்குள் துபாயில்.

---

மஞ்சள்_கயிறு கேட்டது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்றால் இதே முறையில் பதியலாமா? பெண் மதம் மாறப்போவதில்லை.

---

பத்திர_மை:

முடியாது. இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் என்ற வட்டத்துக்குள் இருந்தால்தான். உங்களுக்கு 1954 சட்டம்தான் நேர் வழி: நோட்டீஸ், 30 நாள், பிறகு மூன்று சாட்சி முன்னிலையில் உறுதிமொழி, அங்கேயே சான்றிதழ். சர்ச்சில் நடத்துவதாக இருந்தால், ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தந்த சபை ஒத்துக்கொள்ள வேண்டும், சபை தன் பங்குக்கு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வாரங்கள் கேட்கும்.

1954 சட்டத்தில் போனால் மண்டபத் தேதியை முதலில் குறிக்காதீர்கள். நோட்டீஸ் ஒட்டிய தேதி தெரிந்த பிறகு, அதிலிருந்து 30 நாளும் மேலே இரண்டு வாரமும் தள்ளிக் குறியுங்கள். ஒருவர் வேறு மாவட்டத்தில் நிரந்தரமாக வசித்தால் நோட்டீஸ் நகல் அந்த மாவட்டத்துக்கும் போய் ஒட்டப்படும், அதில் தபால் தாமதம் உண்டு. ஆட்சேபணை வந்தாலும் பயப்பட வேண்டாம். வயது, ஏற்கெனவே கல்யாணமானவரா, மனநிலை, தடுக்கப்பட்ட உறவு, இந்த நாலை ஒட்டித்தான் ஆட்சேபிக்க முடியும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது ஆட்சேபணை ஆகாது.

முந்தைய கல்யாணம் முறிந்தவர் யாராவது இதைப் படித்தால்: விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளே தேதி குறிக்காதீர்கள். அப்பீல் காலம் முடிய வேண்டும், 90 நாள் விடுவது பத்திரம். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலும் வேண்டும், இன்டர்நெட்டில் இறக்கிய பிரதி போதாது.

---

வளைகுடா_வாசல் பதில்:

சான்றிதழ் வந்தபிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போஸ்டில் (உடன்படிக்கையில் உள்ள நாடுகள் தங்களுக்குள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை) போட்டால் போதும் என்று உங்கள் ஏஜென்ட் அடுத்து சொல்வார். அமீரகத்துக்கு அது எடுபடாது. இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005லிருந்து இருக்கிறது. சவூதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் எல்லாம் உள்ளே இருக்கின்றன, அமீரகம் இல்லை. அதனால் நீண்ட பாதை: முதலில் தமிழ்நாடு அரசின் அட்டெஸ்டேஷன், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் துபாய் போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். அரபி மொழிபெயர்ப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முத்திரை எல்லாம் சேர்ந்தே மொழிபெயர்க்கப்பட வேண்டும். வரிசை மாறினால் அடுத்த கவுன்டரில் வாங்க மாட்டார்கள்.

வெளியுறவு அமைச்சகம் 2012லிருந்து தனிநபரிடம் நேராக வாங்குவதில்லை, அவர்கள் நியமித்த ஏஜென்சிகள் வழியாகத்தான். எந்தெந்த ஏஜென்சி என்று அமைச்சகத் தளத்திலேயே இருக்கிறது, ஊர் ஏஜென்டிடம் கொடுத்து அவர் அங்கே கொடுக்கிற சுற்று வேண்டாம். மொத்தம் மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை கையெழுத்தோடு ஒரு அனுமதிக் கடிதமும் அவருடைய பாஸ்போர்ட் நகலும் மட்டும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், மீதியை உங்கள் தங்கையே நடத்திவிடலாம்.

இப்போது மிகச் சின்ன விஷயம், ஆனால் இதில்தான் ஃபைல் திரும்பி வருகிறது: சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பாக்கள் செய்கிற முதல் வேலை அதுதான். முத்திரை பின்பக்கம் விழ வேண்டும், பிளாஸ்டிக்கில் விழாது. ஸ்டேபிள் அடிப்பது, பஞ்ச் செய்வது, பின்னால் பேனாவில் "கவிதா கல்யாணம்" என்று எழுதிவைப்பது, எதுவும் வேண்டாம். சான்றளித்த நகல் கூடுதலாக இரண்டு அன்றே கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் அட்டெஸ்டேஷனுக்குப் போய்விட்டால் இங்கே வங்கிக்கும் மற்றதுக்கும் காட்ட ஒன்று வேண்டும்.

---

திண்டுக்கல்_பூட்டு:

லேமினேஷன் விஷயம் சரியான நேரத்தில் வந்தது, அப்பா கடையே பார்த்து வைத்துவிட்டார். ஒருவேளை 29க்குள்ளும் முடியாமல் போனால்? அவர் திரும்ப வரும் வரை பதியாமல் இருக்கலாமா?

---

பத்திர_மை:

2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாணத்திலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதாவது உங்களுக்கு ஏப்ரல் நான்காம் வாரம் வரை சாதாரணமாக, ஜூன் நான்காம் வாரம் வரை தாமதமாக. கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி அதனால் வராது, விசாதான் தள்ளிப்போகும். நடுவில் ஒரு வெள்ளி, சனி லீவு போட்டு வந்து போனாலும் நடக்கும், வெள்ளிக்கிழமைக்கு முன்பதிவு போட்டுவிட்டு. முகூர்த்த நாளாகப் பார்த்து வராதீர்கள். நல்ல நாளென்றால் பத்திரப்பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுத்து ஆபீஸ் நிரம்பி வழியும், உங்கள் ஃபைல் மதியத்துக்கு மேல்தான் நகரும்.

---

கரும்பலகை:

கல்யாணத்தோடு முடிக்க வேண்டிய இன்னொரு காகிதம், யாரும் போடுவதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த 1985ஆம் ஆண்டு விதிகளின்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த அன்பளிப்புகளுக்குத் தனித்தனிப் பட்டியல் எழுத வேண்டும்: பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மொய் நோட்டு அந்தப் பட்டியல் ஆகாது, அதில் கையெழுத்து இருக்காது, நகை எடையும் இருக்காது. நகைக்கு எடை எழுதி, பில் நகலைப் பின்னால் சேர்த்து, 24 மாலை போட்டோ பிரின்ட் வரும் நேரத்திலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். திங்கள் காலை இருவர் கையும் பேனாவும் எப்படியும் ஒரே மேஜையில் இருக்கும்.

தங்கை வேலைக்குப் போகிறவர் என்றால் பி.எஃப். நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்டது கல்யாணத்தோடு செல்லாது, புதிதாகப் போட வேண்டும். அதற்குச் சான்றிதழ் நகலும் கணவரின் ஆதாரும் படமும் எடுத்து வைத்துக்கொண்டால் அவர் துபாயில் இருக்கும்போதே செய்துவிடலாம்.